சிறு நிறுவனப் பங்குகளில் எப்போது இறங்கலாம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு அக்காவின் மகள் கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். ஈப்போவில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள்; காலையில் சுங்கை சிப்புட்டிலிருந்து மோட்டாரில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள். திரையில் ஒரு பங்கின் விலை தெரிந்தது: 19 சென்.

"மாமா, பத்தொம்பது காசுதான். எங்க வாட்ஸ்அப் குழுவில எல்லாரும் வாங்குறாங்க. இப்ப வாங்கிப் போடலாமா?"

உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் கேட்ட 'இப்ப' என்ற ஒரு சொல்லை விளக்கவே ஒரு மணி நேரம் ஆனது. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்த 19 சென். பங்கின் விலை குறைவாக இருப்பதால் நிறுவனம் சிறியது, பங்கு மலிவு என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் சரியில்லை. ஒரு நிறுவனம் 500 கோடி பங்குகளை வெளியிட்டிருந்து ஒரு பங்கு 20 சென் விற்றால், அந்த நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பு 100 கோடி ரிங்கிட். இன்னொரு நிறுவனத்திடம் 4 கோடி பங்குகள்தான், ஒவ்வொன்றும் 8 ரிங்கிட் என்றால் மொத்த மதிப்பு 32 கோடி. எட்டு ரிங்கிட் பங்கு வைத்திருப்பதுதான் சிறு நிறுவனம். ரொட்டியை எத்தனை துண்டாக வெட்டினார்கள் என்பதை வைத்து ரொட்டி எவ்வளவு பெரிது என்று சொல்ல முடியாது அல்லவா?

மலேசியாவில் இதை எப்படிப் பிரிக்கிறார்கள் என்றால், செய்தியில் தினமும் கேட்கிற கேஎல்சிஐ குறியீட்டில் இருப்பவை நம் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவின் ஆகப் பெரிய 30 நிறுவனங்கள். அதற்கு அடுத்த 70 நடுத்தரம். அந்த நூற்றுக்கும் கீழே, குறியீட்டில் சேரும் தகுதியுள்ள மற்றவை 'ஸ்மால் கேப்' குறியீட்டில் வருகின்றன. இது போக, வளரும் நிறுவனங்களுக்கென்று ஏஸ் சந்தை தனியாக உண்டு. 2009-க்கு முன் அதன் பெயர் மெஸ்டாக். 2017-ல் வந்த லீப் சந்தை இன்னும் சிறியவற்றுக்கு. ஆனால் அதில் நம்மைப் போன்ற சாதாரண முதலீட்டாளர் வாங்க முடியாது, அதனால் அதை விட்டுவிடலாம்.

பங்கு என்ற சொல் நம் ஊருக்குப் புதிதில்லை. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் சுங்கை சிப்புட்டுக்காரரான துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள் தோட்டத்துக்கே பங்குதாரர் ஆனார்கள். பங்குச் சந்தையிலும் அடிப்படை அதேதான்: ஒரு தொழிலின் சிறு பகுதி உங்களுக்குச் சொந்தம். தொழில் நன்றாக நடந்தால் உங்களுக்கும் நல்லது, படுத்தால் உங்கள் பணமும் படுக்கும்.

சரி, சிறு தொழில் ஏன் பெரிய தொழிலைவிட வேகமாகப் படுக்கிறது, வேகமாக எழுகிறது?

என் அம்மா வேலை செய்த தோட்டத்தின் வாசலில் ஒரு மளிகைக் கடை இருந்தது. லயத்தில் இருந்த எல்லாருக்கும் அங்கே பற்று உண்டு. சம்பளத்தன்று நோட்டைப் பார்த்துக் கொடுப்பார்கள். கடைக்காரர் நேர்மையானவர், கணக்கில் ஒரு காசு பிசகாது. தோட்டம் கை மாறி, பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டபோது ஆட்கள் குறைந்தார்கள். இரண்டு வருடத்தில் கடை மூடிவிட்டது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவருக்கு ஒரே ஒரு தோட்டம்தான் வாடிக்கை, அவ்வளவுதான். ஈப்போவில் இருந்த பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்கு அந்தத் தோட்டம் காலியானது தெரிந்தே இருக்காது.

பட்டியலில் உள்ள சிறு நிறுவனங்களும் பெரும்பாலும் அந்தக் கடையைப் போலத்தான். ஒரு தொழிற்சாலை, இரண்டு மூன்று பெரிய வாடிக்கையாளர்கள், ஒரு குடும்பத்தின் நிர்வாகம், ஒரு வங்கிக் கடன். வட்டி ஏறினால் பெரிய நிறுவனம் தாங்கும். சிறியதற்கு அந்த ஆண்டு லாபமே கரைந்துபோகும். மறுபக்கமும் உண்டு: ஒரு புதிய வாடிக்கையாளர் கிடைத்தால் போதும், சிறிய நிறுவனத்தின் விற்பனை இரட்டிப்பாகலாம். தேசிய மின்சார நிறுவனத்தின் விற்பனை ஒரே ஆண்டில் இரட்டிப்பாக வழியே இல்லை.

இதனால்தான் நீண்ட காலத்தில் சிறு நிறுவனங்கள் கூடுதலாகத் தரும் என்ற எண்ணம் வந்தது. 1981-ல் ரோல்ஃப் பான்ஸ் என்ற ஆய்வாளர், நியூயார்க் சந்தையின் பல பத்தாண்டுக் கணக்கை அலசி, சிறிய நிறுவனங்கள் பெரியவற்றைவிட அதிக லாபம் தந்திருந்ததைக் காட்டினார். அதை நம்பி நிறைய நிதிகள் தொடங்கப்பட்டன. ஆனால் அது வெளியான பிறகு அமெரிக்காவிலேயே சிறு நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் பின்தங்கிய காலங்கள் வந்தன. பிற்கால ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: லாபமே இல்லாத, கடனில் மூழ்கிய நிறுவனங்களைக் கழித்துவிட்டு, தரமான சிறு நிறுவனங்களை மட்டும் பார்த்தால்தான் அந்தக் கூடுதல் லாபம் தெளிவாகத் தெரிகிறது. சிறியது என்பதற்காகவே ஒன்று நல்லதாகிவிடாது. இதை நான் முழுமையாக நம்புகிறேன்.

நம் நாட்டுக் கணக்கு இன்னும் பளிச்சென்று சொல்லும். 2018-ல் கேஎல்சிஐ சுமார் 6 விழுக்காடு இறங்கியது. அதே ஆண்டில் சிறு நிறுவனக் குறியீடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்தது. அடுத்த ஆண்டு, 2019-ல், கேஎல்சிஐ மறுபடியும் சுமார் 6 விழுக்காடு இறங்க, சிறு நிறுவனக் குறியீடு கால்வாசிக்குக் குறையாமல் ஏறியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 ரிங்கிட் 67 ஆனது, 67-ல் கால்வாசி ஏறினால் 84. மூன்றில் ஒரு பங்கு விழுந்ததை மீட்க 50 விழுக்காடு ஏறவேண்டும்.

அந்த 2018 எனக்குச் சொந்தப் பாடம். 2017 கடைசியில், வீட்டுக் கூரை மாற்றுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த 6,000 ரிங்கிட்டை ஒரு சிறு நிறுவனப் பங்கில் போட்டேன். நிறுவனம் மோசமில்லை, கடன் குறைவு, லாபமும் வந்துகொண்டிருந்தது. கூரைக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே என்ற தைரியம். அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் கூரை ஒழுக ஆரம்பித்தது. படுக்கையறையில் வாளி வைத்துப் பார்த்தோம், பிறகு இரண்டு வாளி. டிசம்பரில் பங்கை விற்றபோது கைக்கு வந்தது 3,700 சொச்சம். அடுத்த ஆண்டு அதே பங்கு நன்றாக ஏறியது, ஆனால் அப்போது அது என்னிடம் இல்லை. நான் தேர்ந்தெடுத்த பங்கில் பெரிய பிழை இல்லை. அதில் போட்ட பணம்தான் தப்பான பணம்.

மலிவான நாளும் கை காய்ந்த நாளும்

'எப்போது' என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் மனதில் இருப்பது, விலை அடிமட்டத்துக்கு வரும் நாள். அப்படி ஒரு நாள் சமீபத்தில் வந்தது. கோவிட் தொற்றால் 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. மறுநாள் கேஎல்சிஐ 1,219-ல் முடிந்தது. சிறு நிறுவனங்கள் அதைவிடக் கடுமையாக விழுந்திருந்தன. அன்று வாங்கியவர்கள் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே நல்ல லாபம் பார்த்தார்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா வட்டி விகிதத்தை அந்த ஜூலையில் 1.75 விழுக்காட்டுக்கு இறக்கியது; கையுறை நிறுவனங்களின் பங்குகள் பறந்தன; புதிதாகக் கணக்குத் திறந்தவர்கள் குவிந்தார்கள்.

நம் ஊரில் அந்த மார்ச் எப்படி இருந்தது? ஒட்டுக்கடைகள் மூடிக்கிடந்தன. ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் வேலைக்குப் போனவர்கள் வீட்டில் இருந்தார்கள். பலருக்குச் சம்பளம் பாதி, சிலருக்கு அதுவும் இல்லை. ஊழியர் சேமநிதியிலிருந்து மாதம் 500 ரிங்கிட் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று இ-லெஸ்தாரி திட்டம் வந்தபோது, என் தெருவில் அதற்கு மனுப் போடாத வீடு குறைவு. பங்குகள் ஆக மலிவாக இருந்த அதே வாரங்களில் நம் மக்கள் சேமிப்பை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

இது ஏதோ தற்செயலாக நடந்தது இல்லை. பொருளாதாரம் சுருங்கும்போது முதலில் அடி வாங்குபவை சிறு நிறுவனங்கள். நம்மில் பலர் வேலை செய்வதும் சிறு நிறுவனங்களில்தான். அதனால் சிறு நிறுவனப் பங்கின் விலை விழும் நேரமும் நம் வீட்டு வருமானம் தடுமாறும் நேரமும் சேர்ந்தே வருகின்றன. சிறு நிறுவன முதலீட்டின் உண்மையான ஆபத்து இதுதான் என்பது என் கருத்து. விலை ஏறி இறங்குவதைத் தாங்கிக்கொள்ளலாம். இறங்கிய நேரத்தில் விற்றே ஆகவேண்டிய நிலைமைதான் ஆளைக் கவிழ்க்கும்.

ஆகவே 'எப்போது' என்பதற்குப் பதில் தேட, சந்தைக்கு முன்னால் உங்கள் வீட்டைப் பாருங்கள்.

தோட்டத்தில் இளம் ரப்பர் மரத்தை எப்போது வெட்டுக்கு, அதாவது பால் எடுக்க, எடுப்பார்கள் என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். ரப்பர் விலை ஏறியிருக்கிறது என்பதற்காக எடுக்கமாட்டார்கள், கன்று நட்டு ஐந்து வருடம் ஆகிவிட்டது என்பதற்காகவும் எடுக்கமாட்டார்கள். தரையிலிருந்து ஏறத்தாழ ஓர் ஆள் மார்பு உயரத்தில் கயிறு சுற்றி அளப்பார்கள். சுற்றளவு சுமார் 50 சென்டிமீட்டர் வந்திருக்கவேண்டும்; அதுவும் அந்தத் துண்டில் பத்துக்கு ஏழு மரமாவது வந்திருக்கவேண்டும். அதற்கு முன்னால் கத்தி வைத்தால் மரத்தின் வளர்ச்சி குன்றிவிடும். விலை எவ்வளவு ஆசை காட்டினாலும் கயிறு சொல்வதைத்தான் கேட்பார்கள்.

உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு கயிறு வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு உட்கார்ந்து அவள் கணக்கை எழுதினேன். கைக்கு வரும் சம்பளம் 2,400. அம்மாவுக்குக் கொடுப்பது, மோட்டார் தவணை, எண்ணெய், சாப்பாடு, கைப்பேசி எல்லாம் போக மாதம் 400 மிச்சமாகிறது. வீட்டுக்கு அவள் பங்காக ஆகும் செலவு 1,600 என்று வைத்தால், ஆறு மாதத்துக்கு 9,600 கையில் வேண்டும். அவளிடம் இருந்தது 6,100. கடன் அட்டையில் 900 ரிங்கிட் பாக்கி வேறு. அதற்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி ஓடும். நிச்சயமாக 18 விழுக்காடு தரும் பங்கு உலகத்தில் எங்கும் இல்லை. அந்தப் பாக்கியைக் கட்டுவதுதான் அவளுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த முதலீடு.

"அப்ப நான் இன்னும் வெட்டுக்கு வரலைன்னு சொல்றீங்க," என்றாள்.

ஆமாம். ஆனால் தூரமும் இல்லை. பாக்கியைக் கட்டிவிட்டு, மாதம் 400 போட்டால், ஒரு வருடத்துக்குள் அந்த ஆறு மாதப் பணம் நிறைந்துவிடும். அதை வங்கி நிரந்தர வைப்பிலோ, யூனிட் விலை ஒரு ரிங்கிட்டில் நிற்கும் அமானா சஹாம் மலேசியா போன்ற நிதியிலோ வைத்துக்கொள்ளலாம். வங்கி வைப்புக்கு, அரசின் வைப்புக் காப்புறுதி அமைப்பான பிடாமின் காப்பு 2,50,000 ரிங்கிட் வரை உண்டு. பங்குக்கும், பலர் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் யூனிட் டிரஸ்ட் நிதிக்கும் அந்தக் காப்பு கிடையாது.

அந்த அடித்தளம் இருந்தால், அடுத்த கேள்வி: இந்தப் பணம் எத்தனை வருடத்துக்குத் தேவைப்படாது? சிறு நிறுவனங்களுக்கு நான் ஏழு வருடத்துக்குக் குறையாமல் சொல்வேன், பத்து என்றால் நிம்மதி. அடுத்த ஆண்டு கல்யாணத்துக்கு வைத்த பணம், மகனின் பல்கலைக்கழகக் கட்டணம், வீட்டுக்கு முன்பணம் இவை எதுவும் இங்கே வரக்கூடாது. அப்புறம், போடும் தொகை பாதியாகக் குறைந்தாலும் வீட்டில் சண்டை வராத அளவில் இருக்கட்டும். பங்குகளுக்கென்று ஒதுக்கிய பணத்தில் பத்தில் ஒரு பங்கு சிறு நிறுவனங்களுக்குப் போதும். அனுபவம் வந்தபின் ஐந்தில் ஒரு பங்கு வரை போகலாம். அதற்கு மேல் போக நான் யாருக்கும் சொன்னதில்லை.

சந்தை தரும் அடையாளங்கள்

வீட்டுக் கயிறு சரியாக இருந்தால், சந்தையையும் கொஞ்சம் பார்க்கலாம். துல்லியமாக அடிமட்டத்தைப் பிடிக்க யாராலும் முடியாது. ஆனாலும் விலை மிதமிஞ்சிய நேரம், ஒதுக்கப்பட்ட நேரம் இரண்டுக்கும் அடையாளங்கள் உண்டு.

ஒரு கடை ஆண்டுக்கு 50,000 ரிங்கிட் லாபம் தருகிறது, அதை 5,00,000-க்கு விற்கிறார்கள் என்றால் லாபத்தைப் போலப் பத்து மடங்கு விலை. அதே கடைக்கு 15,00,000 கேட்டால் முப்பது மடங்கு. பங்குக்கும் இதே கணக்குத்தான். பிஇ விகிதம் என்பார்கள். நிதி நிறுவனங்களின் மாத அறிக்கைகளிலும் பங்குத் தரகு நிறுவனங்களின் ஆய்வுகளிலும் சிறு நிறுவனங்கள் இப்போது எத்தனை மடங்கில் விற்கின்றன, அவற்றின் பழைய சராசரி என்ன, பெரிய நிறுவனங்களோடு ஒப்பிட்டால் கூடவா குறைவா என்று போட்டிருப்பார்கள். பழைய சராசரிக்கும் கீழே, பெரிய நிறுவனங்களைவிடவும் மலிவாக இருந்தால், பயம் விலையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்று பொருள். நீண்ட காலம் காத்திருக்கக்கூடியவருக்கு அது நல்ல நேரம். லாபமே இல்லாத நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

வட்டியின் போக்கும் ஓர் அடையாளம். 2020-ல் 1.75-ஆக இருந்த விகிதம் படிப்படியாக ஏறி 2023 மே மாதம் 3 விழுக்காட்டைத் தொட்டது, 2025 ஜூலையில் 2.75-க்கு இறங்கியது. கடன் வாங்கிப் பிழைக்கும் சிறு நிறுவனத்துக்கு ஏறும் வட்டி சுமை, இறங்கும் வட்டி மூச்சு. ஆனால் செய்தி நம் காதுக்கு வருவதற்கு முன்னால் விலையில் ஏறிவிடும் என்பதால் இதற்கு நான் அதிக எடை கொடுப்பதில்லை.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட நம்பகமாகத் தெரிவது கூட்டத்தின் சத்தம். வாட்ஸ்அப் குழுவில் ஒரே பங்கின் பெயர் பத்துப் பேரிடமிருந்து வருகிறது, முடிதிருத்தும் கடையில் ஏஸ் சந்தையின் புதுப் பங்குக்கு எப்படி மனுப் போடுவது என்று பேச்சு நடக்கிறது என்றால், அது வாங்கும் நேரம் இல்லை. 2020 ஆகஸ்டு வாக்கில் கையுறைப் பங்குகளைப் பற்றி நம் ஊரில் பேசாதவர் இல்லை. அந்த உச்சத்தில் வாங்கியவர்கள் பட்ட பாடு பலருக்கும் தெரியும்.

வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் பெயர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சிறு நிறுவனப் பங்கில் தினசரி வியாபாரம் குறைவு என்பதால், கொஞ்சம் பணத்தோடு ஒரு கும்பல் சேர்ந்தாலே விலையை ஏற்றிக் காட்ட முடியும். ஏற்றிவிட்டு நம் கையில் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள். காரணமில்லாமல் விலை துள்ளினால் புர்சா அந்த நிறுவனத்திடம் விளக்கம் கேட்கும். அந்தக் கேள்வியும் பதிலும் புர்சா இணையத்தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அந்த 19 சென் பங்கை நாங்கள் அங்கேதான் தேடினோம். இரண்டு வாரத்துக்கு முன்னால் கேள்வி வந்திருந்தது. "காரணம் எதுவும் எங்களுக்குத் தெரியாது" என்பதுதான் நிறுவனத்தின் பதில். அவள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டாள்.

பங்கா, நிதியா?

தனிப் பங்கு வாங்குவதில் ஒரு செலவு கண்ணுக்குத் தெரியாது. சிறு நிறுவனப் பங்கு ஒன்றின் திரையைப் பார்த்தால், வாங்க நிற்பவர்கள் 42 சென் சொல்வார்கள், விற்க நிற்பவர்கள் 43.5 சென் கேட்பார்கள். நீங்கள் அவசரப்பட்டு 5,000 பங்கை 43.5-க்கு வாங்குகிறீர்கள்: 2,175 ரிங்கிட். மறு நிமிடமே மனம் மாறி விற்றால் 42-க்குத்தான் போகும்: 2,100. தரகு ஒவ்வொரு தடவைக்கும் குறைந்தது 8 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், ஒன்றுமே நடக்காமல் 91 ரிங்கிட் போய்விட்டது. நாலு விழுக்காட்டுக்கு மேல். முத்திரை வரியும் கிளியரிங் கட்டணமும் தனி. பெரிய வங்கிப் பங்கு என்றால் இந்த இடைவெளி மிகச் சிறியது. சந்தை பயந்த நாளில் சிறு பங்கில் வாங்க நிற்பவரே இருக்கமாட்டார்.

அப்படியும் தனிப் பங்குதான் வேண்டும் என்பவர்கள், ஆண்டறிக்கையில் லாபத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் பணவரவைப் பாருங்கள். தாளில் லாபம் இருக்கும், வாடிக்கையாளரிடமிருந்து பணம் வந்திருக்காது. அந்த மளிகைக் கடை நோட்டில் பற்று ஏறிக்கொண்டே போன மாதிரி. அடிக்கடி புதுப் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டும் நிறுவனத்தில் உங்கள் துண்டு சிறிதாகிக்கொண்டே போகும். பிஎன்17, ஜிஎன்3 என்ற பட்டியல்களில் பெயர் இருந்தால் அது நிதி நெருக்கடியில் உள்ள நிறுவனம். ஆரம்பிப்பவர் அந்தப் பக்கம் போகவேண்டியதே இல்லை.

ஆரம்பிப்பவருக்கு நான் சொல்வது நிதிதான். ஒரு சிறு நிறுவன யூனிட் டிரஸ்ட் நிதி முப்பது, நாற்பது நிறுவனங்களில் பணத்தைப் பரப்பும். ஒன்று மூழ்கினாலும் மற்றவை தாங்கும். ஆனால் கட்டணத்தைக் கேட்டு வாங்குங்கள். முகவர் வழியாக வாங்கினால் ஆரம்பக் கட்டணம் 5 விழுக்காடு வரை போகலாம். 1,000 போட்டால் 950-தான் வேலைக்குப் போகும். அதற்கு மேல் ஆண்டுக்குச் சுமார் 1.5 விழுக்காடு நிர்வாகக் கட்டணம். இணையத் தளங்களில் ஆரம்பக் கட்டணம் மிகக் குறைவு. நிதி எந்த அளவு நிறுவனங்களைச் 'சிறு' என்று கொள்கிறது என்பதையும் பாருங்கள். நிதி பெரிதாக வளர்ந்துவிட்டால் சிறிய பங்குகளை வாங்கி விற்பது அதற்கே சிரமமாகிவிடும். அதனால் நல்ல நிர்வாகிகள் சிலர் புதுப் பணம் வாங்குவதையே நிறுத்திவிடுவார்கள். அதை நான் நேர்மையின் அடையாளமாகப் பார்க்கிறேன்.

நேரத்தைப் பற்றிய பதற்றத்துக்கு மாதத் தவணை நல்ல மருந்து. மாதம் 100 ரிங்கிட் போடுகிறீர்கள். யூனிட் விலை 50 சென் இருக்கும் மாதம் 200 யூனிட்; 40-க்கு விழுந்த மாதம் 250 யூனிட். விழும் மாதத்தில் தானாகவே அதிகம் வாங்குகிறீர்கள், யாரையும் கேட்கவேண்டாம். கூட்டுப் பணம் கட்டுவது போலத் தேதி தவறாமல் கட்டவேண்டும், அவ்வளவுதான். இதில் கெட்டிக்காரத்தனம் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்து 2020 மார்ச்சில் தவணையை நிறுத்தாமல் கட்டியவர்கள் மிகச் சிலர். அவர்கள் எல்லாரும் கையில் ஆறு மாதப் பணம் வைத்திருந்தவர்கள்.

என் சித்தப்பா விஷயத்தையும் சொல்லவேண்டும். அவருக்கு 55 வயதானதும் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து ஒரு சிறு நிறுவன நிதியில் போடச் சொல்லி ஒரு முகவர் வீட்டுக்கே வந்தார். முந்தைய ஆண்டு லாபத்தை வண்ணப் படத்தில் காட்டினார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். காட்டிய எண்ணும் உண்மைதான். ஆனால் சேமநிதி 2024-க்கு 6.30 விழுக்காடு ஈவு தந்தது, வழக்கமான (ஷரியா அல்லாத) சேமிப்புக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு சட்டப்படி உறுதி, எடுக்காமல் விட்டால் 100 வயது வரை ஈவு வந்துகொண்டே இருக்கும். அதை விட்டுவிட்டு, கட்டணமும் கட்டி, ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு விழக்கூடிய இடத்துக்கு அவர் ஏன் போகவேண்டும்? அவருக்கு இனிச் சம்பளம் இல்லை, விழுந்தால் காத்திருக்க வழியும் இல்லை.

சித்தப்பா அதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தார். "படிச்ச புள்ள, நல்லாத்தான் பேசுச்சு," என்றார். நல்லவேளையாக, ஒரு நிதி நிறுவனத்தில் முதல் தடவை முதலீடு செய்பவருக்கு ஆறு வேலை நாட்களுக்குள் மனம் மாறினால் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு. நாலாவது நாள் நானும் அவரும் ஈப்போவுக்குப் போய் எழுதிக் கொடுத்தோம். பணம் திரும்பியது. முகவர் எஃப்ஐஎம்எம் என்ற கூட்டமைப்பில் பதிவு பெற்றவரா என்பதை அந்த அமைப்பின் தளத்திலேயே பார்க்கலாம். அவர் பதிவு பெற்றவர்தான். அந்த நிதியும் மோசமான நிதி இல்லை. முப்பது வயதுக்காரர் ஒருவருக்கு மாதத் தவணையில் நானே அதைச் சொல்லியிருப்பேன்.

விற்பதற்கும் இதே கயிறுதான். பணம் தேவைப்படும் ஆண்டுக்கு மூன்று வருடம் முன்னாலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பத்திரமான இடத்துக்கு மாற்றத் தொடங்கவேண்டும். நடுவில் சிறு நிறுவனப் பகுதி மளமளவென்று வளர்ந்து, பத்தில் ஒன்றாக இருந்தது நாலில் ஒன்றாகிவிட்டால், கூடினதை விற்றுப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஏறும்போது விற்க மனம் வராது, தெரியும். அதற்காகத்தான் அளவை முதலிலேயே தாளில் எழுதச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெண் எழுதியிருக்கிறாள். அலுவலக நாட்காட்டியின் பின்பக்கத்தில் இரண்டே வரி: 'ஆறு மாதப் பணம் 9,600. அது நிறைந்ததும் மாதம் 100, பத்து வருடம்.' நேற்று கேட்டேன். கடன் அட்டைப் பாக்கி முடிந்துவிட்டதாம், கையில் 5,600 இருக்கிறதாம். வாட்ஸ்அப் குழுவில் இன்னும் இருக்கிறாள், சத்தத்தை மட்டும் அணைத்து வைத்திருக்கிறாள்.